மண்டிக் கணக்கும் கேப்டன் கணக்கும்

கேள்வி: ‘ஸ்டார் ட்ரெக்: வாயேஜர்’ என்ற விண்கப்பல் தொடரில் இரண்டு பேரை மீட்பதற்காக ஒருவனை இல்லாமல் செய்கிறாரே கேப்டன் ஜேன்வே, அது சரியா? எங்கள் வீட்டில் இதை வைத்துப் பெரிய சண்டை. மஞ்சள் மண்டி வைத்திருக்கும் என் மாமனார், “ஒண்ணு போயி ரெண்டு வருது, இதுல ரோசன பண்றதுக்கு என்ன இருக்குது அம்மிணி?” என்கிறார்.
– ஒரு வாசகி, பெருந்துறை

பதில்: விரலி வேறு, கிழங்கு வேறு என்று வாழ்நாள் முழுக்கப் பிரித்துப் போட்ட கை. பிரிப்பதில் அவருக்கு என்ன தயக்கம் இருக்கும்? ஆனால் மஞ்சள் வாய் திறந்து, “என்னைப் பிரிக்காதீங்க” என்று சொல்லாது. டூவிக்ஸ் சொன்னான்.

பார்க்காதவர்களுக்காக: 1996-இல் வந்த கதை அது. ஆளை அணுவணுவாகப் பிரித்து இன்னோர் இடத்தில் சேர்க்கும் கருவி கோளாறாகி, பாதுகாப்பு அதிகாரி டூவோக்கும் சமையல்காரர் நீலிக்ஸும் ஒரே ஆளாக வந்து நிற்கிறார்கள். அவன்தான் டூவிக்ஸ். நல்லவன், வேலைக்காரன், சமையலும் பிரமாதம். பிரிக்கும் வழி பிறகுதான் கிடைக்கிறது. அதற்குள் அவனுக்கு உயிர்மேல் ஆசை வந்துவிட்டது. கூட வேலை பார்க்கும் ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்துக் கெஞ்சுகிறான். ஒருத்தரும் வாய் திறக்கவில்லை.

டூவோக்கும் நீலிக்ஸும் பேச முடியாத இடத்தில் இருக்கிறார்கள், அவர்களுக்காக நான் பேசுகிறேன் என்பது ஜேன்வேயின் வாதம். வலுவான வாதம்தான். டூவோக்குக்கு ஊரில் மனைவி, பிள்ளைகள் வேறு. இருந்தாலும் அவர் செய்தது தப்பு என்பதே என் கட்சி. ஒருவனின் ரெண்டு சிறுநீரகத்தையும் எடுத்தால் ரெண்டு நோயாளிகள் பிழைப்பார்கள். மாமனார் கணக்கில் அதுவும் லாபம்தானே?

ஆனால் ஒன்றுக்காக ஜேன்வேயை மதிக்கிறேன். கப்பல் டாக்டர், உயிரோடு இருப்பவனுக்குத் தீங்கு செய்யமாட்டேன் என்று ஒதுங்கியதும், ஜேன்வே தானே பொத்தானை அழுத்தினார். வேறு யார் கையையும் தேடவில்லை.

இதே ஸ்டார் ட்ரெக் குடும்பத்தின் ‘டீப் ஸ்பேஸ் நைன்’ தொடரில் கேப்டன் சிஸ்கோ வேறு ரகம். கதை 1998-இல் வந்தது. போரில் செத்தவர்களின் பட்டியலை வெள்ளிக்கிழமை தோறும் ஒட்டுகிறவர் அவர். போரில் சேராமல் ஒதுங்கி நிற்கும் ரோமுலன்கள் என்ற வேற்றுக்கிரகத்தாரைத் தன் பக்கம் இழுக்கப் பொய் ஆதாரம் தயாரிக்கிறார். அதற்கு அவர் பிடித்த ஆள் காரக் என்ற தையல்காரர், பழைய ஒற்றர். பொய் என்று கண்டுபிடித்த ரோமுலன் செனட்டரின் விண்கலத்தில் காரக் குண்டு வைத்துவிடுகிறார். கள்ள ஆதாரம் செய்து கொடுத்தவனும் காலி. ரோமுலன்கள் போரில் இறங்குகிறார்கள். சிஸ்கோ நினைத்தது நடந்துவிட்டது. காரக்கை இரண்டு குத்துக் குத்துகிறார் (அந்தக் கோபத்தை நான் நம்பவில்லை, எப்படிப்பட்ட ஆளிடம் போகிறோம் என்று தெரிந்துதானே போனார்?). அப்புறம் தன் அறையில் உட்கார்ந்து நடந்ததையெல்லாம் குறிப்பேட்டில் சொல்கிறார். இதோடு என்னால் வாழ முடியும் என்கிறார். சொல்லி முடித்ததும் அந்தப் பதிவை அழித்துவிடுகிறார்.

எனக்கு வயிற்றைக் கலக்கியது செனட்டர் சாவு அல்ல, அந்த அழிப்பு. ஜேன்வேயின் கணக்கில் கழிக்கப்பட்டவனுக்கு ஒரு பெயராவது இருக்கிறது. சிஸ்கோ கணக்கு நோட்டையே கிழித்துவிட்டார்.

உங்கள் மாமனாரிடம் ஒன்று கேளுங்கள். அவர் மண்டிக்கு வரும் மஞ்சளில் கீழ்பவானித் தண்ணீர் குடித்தது எத்தனை மூட்டை? 1955-இல் பவானிசாகர் அணை கட்டி முடித்தார்கள். 2,07,000 ஏக்கர் பாசனம். அது வேண்டாம் என்று நான் சொல்வேனா? அந்தச் சோற்றைத் தின்றுதான் இதை எழுதுகிறேன். ஆனால் 2,07,000 என்ற எண் பெருந்துறையில் எல்லார் வாயிலும் இருக்கிறது. தண்ணீருக்கு அடியில் போன ஊர்களின் பெயரை நாலு பேரிடம் கேட்டுப் பாருங்கள்.

நீர்மட்டம் நன்றாக இறங்கும் வருஷங்களில் அணைக்குள் மூழ்கிப்போன டணாயக்கன்கோட்டை மாதவராயப் பெருமாள் கோயில் வெளியே தெரியும். அப்போது மாமனாரையும் கூட்டிக்கொண்டு ஒரு நடை போய் வாருங்கள். கணக்கை அங்கே நின்று சொல்லச் சொல்லுங்கள்.