ஸ்டாக்ஹோமுக்கு இரண்டாம் முறை, நண்பரோடு, கையைக் கடிக்காமல்: கேள்வி பதில்

ஸ்டாக்ஹோமை ஏற்கெனவே ஒருமுறை பார்த்துவிட்டு, இந்த முறை நண்பரோடு சிக்கனமாகப் போக நினைப்பவர்கள் கேட்ட கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும் கீழே. கட்டணங்கள் 2025ஆம் ஆண்டு நிலவரப்படி.

பிரியா, சென்னை: அக்கா, போன முறை டூர் குரூப்போடு வந்தபோது வாசா கப்பல், பழைய நகரம், சிட்டி ஹால் எல்லாம் பார்த்தாயிற்று. இப்போது தோழியும் நானும் ஒரு வாரம் தங்கப்போகிறோம். செலவை எங்கிருந்து குறைக்க ஆரம்பிப்பது?

பணம் ஓட்டை விழுந்து ஒழுகுவது மூன்று இடங்களில்: விமான நிலையத்திலிருந்து ஊருக்குள் வரும் பயணம், அறை, இரவுச் சாப்பாடு. இவற்றை அடைத்துவிட்டால் மிச்ச ஊர் ஏறக்குறைய இலவசம்தான். பாறை மேடுகள், ஏரிக்கரைகள், அரண்மனைத் தோட்டங்கள் எதற்கும் டிக்கெட் கிடையாது. சுற்றுலாப் பயணிகளுக்கு விற்கும் 'எல்லாம் பார்க்கலாம்' பாஸை இந்த முறை வாங்காதீர்கள். ஒரே நாளில் மூன்று நான்கு கட்டண இடங்களுக்கு ஓடினால்தான் அதில் லாபம். அப்படி ஓடும் வேலையைப் போன முறையே முடித்துவிட்டீர்கள்.

கார்த்திக், கோவை: ஆர்லாண்டா விமான நிலையத்திலிருந்து நகரத்துக்கு ஆகக் குறைந்த செலவில் எப்படி வருவது?

583ஆம் எண் பஸ். டெர்மினலுக்கு வெளியே ஏறினால் ஏறக்குறைய 20 நிமிடத்தில் மேர்ஸ்டா ரயில் நிலையம். அங்கிருந்து 41ஆம் எண் புறநகர் ரயில், 40 நிமிடத்தில் ஸ்டாக்ஹோம் சிட்டி. மேலே ஏறினாலே டி-சென்ட்ராலென் மெட்ரோ. பஸ்ஸுக்கும் ரயிலுக்கும் நகரப் போக்குவரத்து நிறுவனமான எஸ்எல்லின் சாதாரண டிக்கெட்டே போதும்: 43 குரோனா (ஸ்வீடன் நாணயம்), 75 நிமிடம் செல்லும். பஸ்ஸில் ஏறும்போது டிக்கெட்டோ வங்கி அட்டையோ தயாராக இருக்கட்டும், டிரைவர் காசு வாங்கமாட்டார்.

பலர் ஏமாறுவது இங்கேதான். விமான நிலையத்துக்கு அடியிலேயே ஆர்லாண்டா சி என்ற நிலையம் இருக்கிறது. 40ஆம் எண் புறநகர் ரயில் அங்கே நிற்கும், எஸ்எல் டிக்கெட்டும் செல்லும். ஆனால் அந்த நிலையத்துக்குள் நுழையவும் வெளியேறவும் தனியாக ஏறத்தாழ 150 குரோனா கட்ட வேண்டும். ரயில் ஒன்றுதானே என்று நினைத்து உள்ளே போகிறவர்கள் கேட் அருகில்தான் விழிப்பார்கள். ஆர்லாண்டா எக்ஸ்பிரஸ் என்ற நேரடி ரயில் 20 நிமிடத்துக்குள் கொண்டுவந்துவிடும், ஆனால் ஆளுக்கு 300 குரோனாவுக்கு மேல். முழுக் கட்டணத்தில் இருவர் போய்வர 1,200ஐத் தாண்டிவிடும். அந்தப் பணத்தில் இருவருக்கும் ஒரு வாரப் போக்குவரத்தே முடிந்துவிடும்.

அருண், திருச்சி: ஒரே அட்டையை இரண்டு பேருக்கும் தட்டலாமா? எந்த டிக்கெட் வாங்குவது?

முடியாது தம்பி, ஆளுக்கொரு அட்டை வேண்டும். 75 நிமிடத்துக்குள் அதே அட்டையை மறுபடி தட்டினால், இடம் மாறி ஏறும் அதே பயணி என்றுதான் இயந்திரம் எடுத்துக்கொள்ளும். இன்னொன்று: முதலில் போனில் தட்டிவிட்டு அடுத்த வண்டியில் பிளாஸ்டிக் அட்டையைத் தட்டினால், வங்கிக் கணக்கு ஒன்றேயானாலும் அவை இரண்டு வேறு அட்டைகள். கட்டணமும் இரண்டு முறை போகும்.

எதை வாங்குவது என்பது எளிய கணக்கு. 24 மணி நேரம் 180, 72 மணி நேரம் 360, 7 நாள் 470 குரோனா. மூன்று நாளுக்கு மேல் தங்குகிறவர்கள் யோசிக்கவே வேண்டாம், 110 குரோனா கூடுதலாகக் கொடுத்தால் இன்னும் நான்கு நாள் கிடைக்கிறது. 7 நாள் டிக்கெட்டில் 11 ஒருவழிப் பயணம் போனாலே முதல் திரும்பிவிடும். விமான நிலையத்திலேயே தொடங்கிவிட்டால் 583 பஸ்ஸும் அதில் அடங்கும். திரும்பும் விமானமும் அந்த ஏழு நாளுக்குள் வரும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

செயலியில் டிக்கெட் வைத்திருப்பவர்கள் கையில் பவர் பேங்க் வேண்டும். போன் அணைந்துவிட்டால் டிக்கெட் இல்லாத பயணிதான் நீங்கள், பரிசோதகரிடம் அந்தச் சாக்கு எடுபடாது. நம் ஊர்ச் சார்ஜரில் மெல்லிய இரட்டை முள் அங்கே அப்படியே பொருந்தும், மூன்று முள் உள்ளது பொருந்தாது.

ஷாலினி, பெங்களூரு: ஹாஸ்டலில் இரண்டு படுக்கையா, ஹோட்டலில் ஒரு அறையா?

இருவர் என்றால் ஹாஸ்டல்தான் மலிவு என்று முடிவுகட்டிவிடாதீர்கள். ஸ்வீடன் ஹாஸ்டல்களில் விளம்பர விலையில் பெரும்பாலும் போர்வை விரிப்பும் துண்டும் சேராது, அவற்றுக்குத் தனி வாடகை. காலைச் சாப்பாடும் தனி. சில இடங்களில் கிளம்பும்போது அறையைப் பெருக்கிவிட்டுப் போகாவிட்டால் சுத்தம் செய்யும் கட்டணமும் வரும். ஹோட்டலிலோ விரிப்பு, துண்டு, வயிறு நிறையக் காலை பஃபே எல்லாம் பெரும்பாலும் வாடகைக்குள்ளேயே. எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தபின் ஒப்பிடுங்கள். விரிப்பையும் தலையணை உறையையும் வீட்டிலிருந்து எடுத்துப் போனால் ஹாஸ்டல் கணக்கு இறங்கும். ஸ்லீப்பிங் பேக்கைப் பல ஹாஸ்டல்கள் அனுமதிப்பதில்லை.

மலிவான அறையைப் பதிவுசெய்யும்போது ஜன்னல் உண்டா என்று பாருங்கள். அடித்தளத்தில் ஜன்னலே இல்லாத அறைகள் அங்கே சகஜம். கோடையில் இரவு பத்து மணிக்கும் வெளிச்சம் இருக்கும் ஊரில் அப்படி ஓர் அறை தூங்குவதற்கு வசதி என்றுகூடச் சொல்லலாம். ஆனால் தெரிந்து எடுப்பது வேறு, போய் இறங்கிப் பார்த்து அதிர்வது வேறு.

இடத்தைப் பொறுத்தவரை, எஸ்எல் டிக்கெட்டில் இப்போது மண்டலப் பிரிவே இல்லை. எத்தனை தூரம் தள்ளித் தங்கினாலும் பயணக் கட்டணம் ஒன்றுதான். பச்சை வழித்தடத்தில் குல்மார்ஷ்பிளான், சிவப்பில் லில்யெஹோல்மென், டெலிஃபோன்பிளான், புறநகர் ரயிலில் எல்வ்ஷோ, சுந்த்பிபெரி இவற்றைத் தேடுங்கள். குல்மார்ஷ்பிளானிலிருந்து மையத்துக்குப் பத்து நிமிடம்கூட ஆகாது. வெள்ளி, சனி இரவுகளில் மெட்ரோ விடிய விடிய ஓடும். மற்ற நாட்களில் நள்ளிரவு தாண்டினால் இரவு பஸ்தான்.

ஆசைக்கு ஓர் இரவு வேண்டுமென்றால், ஷெப்ஸ்ஹோல்மென் தீவில் கட்டி நிறுத்தியிருக்கும் ஆஃப் சாப்மன் பாய்மரக் கப்பல் இருக்கிறது. 1888இல் கட்டியது, 1949 முதல் ஹாஸ்டல்.

முகுந்தன், சிங்கப்பூர்: ஜூலையில் வருவதா, செப்டம்பரிலா?

ஸ்டாக்ஹோம் அலுவலக ஊர். வாரநாட்களில்தான் ஹோட்டல் விலை ஏறும், வெள்ளி முதல் ஞாயிறு வரை இறங்கும். ஜூலையில் ஊரே விடுமுறைக்குப் போய்விடுவதால் பல ஹோட்டல்களில் அறை மலிவாகவே கிடைக்கும். ஆனால் அதே காரணத்தால் மலிவாக மதியச் சாப்பாடு போடும் சிறிய கடைகளும் பூட்டிக் கிடக்கும். சமைத்துச் சாப்பிடுவீர்கள் என்றால் ஜூலை, கடையில் சாப்பிடுவீர்கள் என்றால் ஆகஸ்ட் கடைசி அல்லது செப்டம்பர் தொடக்கம். ஜூன் 19க்கும் 25க்கும் நடுவில் வரும் வெள்ளிக்கிழமை அவர்களுடைய கோடைப் பண்டிகையான மிட்சம்மர் ஈவ். அன்று பல கடைகள் அடைத்திருக்கும், முந்தின நாளே அரிசி பருப்பு வாங்கி வைத்துவிடுங்கள்.

தமிழ்ச்செல்வி, மதுரை: நாங்கள் சைவம் அக்கா. சாப்பாட்டுச் செலவைச் சமாளிக்க முடியுமா?

முடியும். பெரிய சாப்பாட்டை மதியத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள். திங்கள் முதல் வெள்ளி வரை காலை 11 முதல் மதியம் 2 வரை 'தாகென்ஸ் லுன்ச்' என்று பலகை போட்டிருப்பார்கள். 120 முதல் 160 குரோனாவுக்குள் ஒரு முக்கிய உணவு, வேண்டிய அளவு சாலட், ரொட்டி, குடிக்க ஏதாவது, கடைசியில் காபி. அதே கடையில் இரவு உட்கார்ந்தால் முக்கிய உணவு மட்டுமே இருநூறைத் தாண்டும். சைவத்துக்கு ஒரு வகை பெரும்பாலும் இருக்கும், ஆனால் 'வெஜிடேரியன்' என்று மட்டும் சொல்லாமல் மீனும் முட்டையும் வேண்டாம் என்று பிரித்துச் சொல்லுங்கள். ஒன்றரை மணிக்குமேல் போனால் சைவ வகைதான் முதலில் தீர்ந்திருக்கும். தண்ணீரைக் காசு கொடுத்து வாங்கவே வேண்டாம், குழாய்த் தண்ணீர் அருமையானது.

இரவுக்கு வில்லிஸ், லிடில் கடைகளில் வாங்கிச் சமையுங்கள். அலமாரிச் சீட்டில் சின்ன எழுத்தில் ஒரு கிலோவுக்கு என்ன விலை என்று போட்டிருக்கும், ஒப்பிட வேண்டியது அதைத்தான். 'கிரோட்ரிஸ்' என்று கஞ்சிக்கான குண்டு அரிசி விற்பார்கள். நன்றாகக் குழையும், விலையும் குறைவு. புளித்த பாலான ஃபில்மியோல்க்கை அதில் ஊற்றி உப்புப் போட்டால் தயிர்சாதம் தயார். டப்பாவில் 'நாட்டுரெல்' என்று இருக்கிறதா பாருங்கள். இல்லாவிட்டால் வெனிலா வாசனையோடு தயிர்சாதம் சாப்பிட நேரும்.

ஹாஸ்டல் சமையலறையில் தாளிக்கும்போது மட்டும் கவனம். மிளகாயும் கடுகும் புகைந்தால் தீ எச்சரிக்கை மணி அடிக்கும், வீண் அலாரத்துக்கு விருந்தினரிடமே பணம் கேட்கும் இடங்கள் உண்டு. தாளிப்பை வீட்டிலேயே எண்ணெயில்லாமல் வறுத்துப் பொட்டலமாக எடுத்துப் போவது உத்தமம்.

சுரேஷ், சேலம்: கையில் எவ்வளவு ரொக்கம் எடுத்துக்கொள்வது?

ஒன்றுமே வேண்டாம். பல கடைகளிலும் மியூசியங்களிலும் ரொக்கம் வாங்குவதில்லை, பொதுக் கழிப்பறைகூட அட்டையில்தான். உள்ளூர்க்காரர்கள் போனில் பணம் அனுப்பும் ஸ்விஷ், அங்கே வங்கிக் கணக்கு இல்லாதவர்களுக்குக் கிடைக்காது. ஆகவே இருவரிடமும் தனித்தனி அட்டை இருக்கட்டும், பின் எண்ணும் நினைவில் இருக்கட்டும்.

ஸ்வீடனில் யூரோ கிடையாது. யூரோ ஏற்றிய ஃபாரெக்ஸ் கார்டை அங்கே தேய்த்தால், குரோனாவுக்கு மாற்றும்போது ஒவ்வொரு முறையும் நாணய மாற்றுக் கட்டணம் பிடிக்கும் கார்டுகள் உண்டு. குரோனா ஏற்றும் வசதி இருக்கிறதா என்று ஊரிலேயே கேளுங்கள். இயந்திரம் 'ரூபாயில் செலுத்தவா, குரோனாவிலா' என்று கேட்டால் எப்போதும் குரோனா. ரூபாயைத் தொட்டால் கடைக்காரரின் வங்கி வைத்ததுதான் விலை.

நிர்மலா, புதுச்சேரி: வாசா மியூசியம் இல்லாமல் ஒரு வாரத்தை எப்படி நிரப்புவது?

எஸ்எல் டிக்கெட்டிலேயே படகு ஏறலாம் என்பது முதல் முறை வருகிறவர்கள் பலருக்குத் தெரியாது. 89ஆம் எண் படகு, சிட்டி ஹாலுக்குப் பக்கத்தில் க்ளாரா மேலார்ஸ்ட்ராண்ட் துறையிலிருந்து மேலாரன் ஏரி வழியாக ஏக்கெரோவுக்குப் போகும். ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவான பயணம். அங்கிருந்து புரோம்மாபிளான் போகும் பஸ்ஸில் ஏறி நடுவில் டிரொட்னிங்ஹோல்மில் இறங்குங்கள். 1991இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த அரண்மனை. உள்ளே போகக் கட்டணம், தோட்டம் இலவசம். இதே உலாவை டூர் படகில் போனால் தனியாகப் பணம் கட்ட வேண்டும். 82ஆம் எண் படகு ஸ்லுசெனிலிருந்து யூர்கோர்டன் தீவுக்கு. வேலைக்குப் போகிறவர்கள் நெரிசலைத் தவிர்க்கக் காலை பத்துக்குமேல் ஏறுங்கள்.

மழை நாளுக்கு மெட்ரோ. நீல வழித்தடத்தின் குங்ஸ்ட்ரேட்கோர்டன் நிலையத்தில் பாறையைக் குடைந்த சுவரை அப்படியே விட்டுவிட்டார்கள். நீர் கசிந்து பாசி படர்ந்திருக்கும், இடித்த பழைய மாளிகைகளின் சிற்பத் துண்டுகளும் அங்கே நிற்கின்றன. அதே வழித்தடத்தில் டி-சென்ட்ராலெனில் நீல நிறச் செடிகொடி ஓவியம், சோல்னா சென்ட்ரமில் செக்கச் சிவந்த வானத்துக்குக் கீழே ஸ்ப்ரூஸ் காடு. இவை இரண்டும் 1975. சோல்னா சென்ட்ரமில் எஸ்கலேட்டரில் நிற்கும்போதே சுவரைப் பாருங்கள், காடழிப்பைப் பற்றிய சித்திரங்கள் நடைமேடை வரை தொடரும்.

மற்றபடி, ஸ்லுசெனில் உள்ள நகர மியூசியம் இலவசம், நவீன ஓவியங்களுக்கான மொதெர்னா மியூசியம் வெள்ளி மாலை 6 முதல் 8 வரை இலவசம். டெக்னிஸ்கா ஹோக்ஸ்கோலனிலிருந்து 670ஆம் எண் பஸ்ஸில் வாக்ஸ்ஹோல்ம் தீவுக்குப் போங்கள், அதுவும் எஸ்எல் டிக்கெட்டே.

ஒரு வாசகி, திருநெல்வேலி: இரண்டாம் முறை என்றால் விசா எளிதாகுமா?

இந்திய பாஸ்போர்ட்டுக்கு 2024 ஏப்ரல் முதல் ஒரு சலுகை உண்டு. கடந்த மூன்று ஆண்டுகளுக்குள் இரண்டு ஷெங்கன் விசா (ஸ்வீடன் உள்ளிட்ட ஐரோப்பிய நாடுகளுக்கான பொது விசா) பெற்று, விதிப்படி பயன்படுத்தியிருந்தால், அடுத்து இரண்டு ஆண்டுகளுக்குப் பலமுறை நுழையும் விசா தரலாம். ஒரே ஒருமுறை போனவர்களுக்கு இது பொருந்தாது, வழக்கமான விண்ணப்பம்தான். கட்டணம் 90 யூரோ. 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு வேண்டும். கைரேகை கொடுத்து 59 மாதம் ஆகவில்லை என்றால் பழையதையே எடுத்துக்கொள்வார்கள், போன விசாவின் நகலை இணைத்துவிடுங்கள். ஸ்வீடன் ஆளுக்கு நாளொன்றுக்கு 450 குரோனா கையிருப்பு எதிர்பார்க்கிறது. தோழி உங்கள் செலவையும் ஏற்கிறார் என்றால் அதைக் கடிதமாக எழுதி அவருடைய வங்கிக் கணக்கு அறிக்கையோடு வையுங்கள். வாய்ச்சொல் செல்லாது.

பாலா, பெர்லின்: 'ஸ்டாக்ஹோம் ஸ்காவ்ஸ்டா' விமான நிலையத்துக்கு மலிவு டிக்கெட் அள்ளி வீசுகிறார்கள். எடுக்கலாமா?

பெயரில்தான் ஸ்டாக்ஹோம், ஊரிலிருந்து 100 கிலோமீட்டர். பஸ்ஸில் 80 நிமிடம், எஸ்எல் டிக்கெட் செல்லாது. இருவருக்கும் போகவர பஸ் கட்டணத்தையும் பெட்டிக்கான கட்டணத்தையும் சேர்த்துக் கூட்டிய பிறகு ஆர்லாண்டா விலையோடு ஒப்பிடுங்கள். வித்தியாசம் 400 குரோனாவுக்குக் கீழே என்றால் ஆர்லாண்டாவே.