அக்காவிடம் கேளுங்கள்: ஒலாந்துக்கு ஏன் வாக்குப் போட்டேன்?

கேள்வி: அக்கா, 2012 பிரெஞ்சு ஜனாதிபதித் தேர்தலில் பிரான்சுவா ஒலாந்துக்குக் குடும்பம், இளையோர் பற்றிய அவருடைய திட்டங்களுக்காகவே வாக்களித்ததாகப் போன இதழில் போகிறபோக்கில் எழுதியிருந்தீர்கள். 2027 தேர்தல் வருகிறது. அப்படிப் பார்த்து ஒருவரைத் தேர்வது சரிதானா?
- வாசகி, லா கூர்நெவ்

பதில்: ஓம் தங்கச்சி, சரிதான். வேறு எதைப் பார்த்துப் போடுவது, அவருடைய கண்ணாடியையா? நான் பாரிஸ் 18ஆம் வட்டாரத்தில் ஆரம்பப் பள்ளிக் கன்ரீன் ஒன்றில் வேலை செய்கிறவள். வெளிநாட்டுக் கொள்கை எனக்கு டிவியில்தான் வரும். காஃப் (குடும்ப உதவித்தொகை அலுவலகம்) தருகிற காசு என் கணக்கில் வரும்.

ஒலாந்து 60 வாக்குறுதிகளை நம்பர் போட்டு அச்சடித்துக் கொடுத்தார். 16ஆவதில், பள்ளி தொடங்கும்போது காஃப் தருகிற உதவித்தொகையை அடுத்த செப்டெம்பருக்கே 25 சதவீதம் கூட்டுவேன் என்று இருந்தது. முயற்சிப்போம், ஆராய்வோம் என்ற பேச்சே இல்லை. எவ்வளவு, எப்போது, இரண்டும் இருந்தன. மே 6இல் வென்றார். 6 முதல் 10 வயதுப் பிள்ளைக்கு முந்தின வருடம் 284.97 யூரோ, 2012இல் 356.20.

கூடின 71 யூரோ ஒரு காசா என்று கேட்பவர் பள்ளி லிஸ்ட்டைக் கையில் பிடித்திருக்க மாட்டார். 24×32 அளவுக் கொப்பி, 96 பக்கம், பெரிய கோடு. உறை சிவப்பு ஒன்று, நீலம் ஒன்று, பச்சை ஒன்று. பச்சை முடிந்துவிட்டதென்று மஞ்சள் வாங்கிக் கொடுத்தால் பிள்ளை வீட்டு வாசலிலேயே அழத் தொடங்கும். அதோடு ஜிம் சப்பாத்து. போன வருடச் சப்பாத்து எந்தப் பிள்ளைக்காவது காலில் ஏறுமா? அந்த 71 யூரோவில் அது அடங்கிவிடும்.

இளையோர் விசயம் இவ்வளவு நேராகப் போகவில்லை. 2012 ஜனவரியில் பாரிசுக்குப் பக்கத்து லு பூர்ஜேயில் நடந்த தேர்தல் கூட்டத்தில், 2012ஐ விட 2017இல் இளைஞர்கள் நன்றாக வாழ்கிறார்களா என்ற ஒன்றை வைத்தே என்னை எடைபோடுங்கள் என்றார். அப்போது என் பெரியவனுக்குப் 17 வயது. டிவியில் கேட்டுக்கொண்டு நின்றவள், அடுப்பில் பருப்பு அடிப்பிடித்ததையும் கவனிக்கவில்லை.

அதற்கென்று இரண்டு திட்டங்கள் கொண்டுவந்தார். ஒன்று, படிப்பை இடையில் விட்ட 16 முதல் 25 வயதுப் பிள்ளைகளுக்கு 'எதிர்கால வேலை'. நகரசபையோ சங்கமோ வேலைக்கு எடுத்தால், குறைந்தபட்சச் சம்பளத்தில் 75 சதவீதத்தை அரசே கொடுக்கும். எங்கள் கட்டடத்தில் மூன்றாம் மாடிப் பொடியன் ஒருவன் அப்படித்தான் நகரசபைப் பூங்காவில் வேலைக்குச் சேர்ந்தான். அதுவரை மத்தியானம் ஒரு மணிக்கு எழும்புகிறவன், காலையில் ஆறு மணிக்கு லிஃப்ட்டில் எனக்கு 'பொன்ஜூர்' சொன்னான். மற்றது 'தலைமுறை ஒப்பந்தம்'. 26 வயதுக்கு உட்பட்ட ஒருவரை நிரந்தரமாக எடுத்து, 57 வயதோ அதற்கு மேலோ ஆன ஒருவரையும் வேலையில் வைத்திருக்கும் சிறிய கம்பெனிக்கு வருடம் 4,000 யூரோ. இலக்கு ஐந்து லட்சம் ஒப்பந்தம். அதன் பக்கத்தில்கூடப் போகவில்லை. 2017இல் அடுத்த ஜனாதிபதி மக்ரோன் வந்து அதை நிறுத்திவிட்டார். முதலாவதில் பெரும்பங்குச் சம்பளம் அரசின் பையிலிருந்து போனது, அதனால் நடந்தது. இரண்டாவதில் முதலாளிக்கு மனம் வர வேண்டும். 4,000 யூரோவுக்காக ஆள் எடுக்கிற முதலாளியை நான் பார்த்ததில்லை.

ஆகவே 2027இல் யார் எதைச் சொன்னாலும் எவ்வளவு, எந்த மாதம், யார் கையிலிருந்து என்று பாருங்கள். 'குடும்பங்களுக்குத் துணை நிற்போம்' என்று மட்டும் இருந்தால் பக்கத்தைத் திருப்புங்கள்.

கேள்வி: மாதா மாதம் வரும் பிள்ளைக் காசில் கைவைத்தவரும் அதே ஒலாந்துதானே?
- வாசகர், சார்செல்

பதில்: அவரேதான். 2015 ஜூலையிலிருந்து, இரண்டு பிள்ளைகள் உள்ள வீட்டில் மாத வருமானம் 6,000 யூரோவைத் தாண்டினால் பாதிதான் கிடைக்கும், 8,000ஐத் தாண்டினால் கால்வாசிதான். 129 யூரோ 32 ஆனது. ரெஸ்ரோறன்ட் கிச்சனில் அவர், ஒபிஸ் துப்புரவில் மனைவி என்ற எங்கள் வீடுகளுக்கு அந்த எல்லை எட்டாத உயரம். ஆனாலும் எனக்கு அது பிடிக்கவில்லை. அந்த 60இல் அது இல்லை. இருந்ததெல்லாம் வசதியானவர்களின் வரிச்சலுகையைக் குறைப்பது மட்டும்தான். அதைச் சொல்லிவிட்டுச் செய்தார், குறையில்லை. ஆனால் பிள்ளைக் காசு வேறு: பணக்காரப் பிள்ளைக்கும் ஏழைப் பிள்ளைக்கும் ஒரே தொகை என்று இருக்கும்வரைதான் அந்தக் காசுக்காக எல்லோரும் சண்டை பிடிப்பார்கள்.

கேள்வி: புதன்கிழமைப் பள்ளியும் அவர் காலத்துக் கூத்துத்தானே?
- ஒரு அம்மா, பாரிஸ் 10

பதில்: ஓம், 2013 செப்டெம்பரில் பாரிசில் தொடங்கியது. அதுவரை லீவாக இருந்த புதன் காலையும் பள்ளி. செவ்வாயும் வெள்ளியும் மூன்று மணிக்குப் பாடம் முடிந்து நாலரை வரை விளையாட்டு, பாட்டு, சித்திரம். நல்ல எண்ணம்தான். முதல் வாரங்களில் சின்ன வகுப்புப் பிள்ளைகள் வெள்ளிக்கிழமை கன்ரீன் மேசையிலேயே தூங்கி விழுந்தார்கள். வீட்டில் செஸ் பலகையே இல்லாத பிள்ளைகள் செஸ் பழகியதையும் பார்த்தேன்.

கேள்வி: பத்து வருட வதிவிட அட்டை வைத்திருக்கிறேன். எனக்கு வாக்கு எப்போது?
- வாசகர், போபினி

பதில்: வெளிநாட்டவருக்கும் உள்ளூராட்சித் தேர்தலில் வாக்குத் தருவேன் என்று 50ஆவது வாக்குறுதியில் ஒலாந்து எழுதினார். அதற்கு அரசியலமைப்பைத் திருத்தப் பாராளுமன்றத்தில் ஐந்தில் மூன்று பங்கு வாக்கு வேண்டும். அவ்வளவு ஆதரவு இல்லை என்று விட்டுவிட்டார். பிரஜாவுரிமைக்கு விண்ணப்பியுங்கள் தம்பி, அதுதான் வழி.

கேள்வி: பிரஜாவுரிமை இருக்கிறது, ஆனால் ஞாயிற்றுக்கிழமை ரெஸ்ரோறன்ட்டில் லீவு தரமாட்டார்கள்.
- வாசகர், லாச்சப்பல்

பதில்: உங்களுக்குப் பதில் இன்னொருவர் வாக்குப் போடும்படி பிரதிநிதி வாக்கு எழுதிக் கொடுங்கள். 2022இலிருந்து வேறு ஊரில் வாக்காளராகப் பதிந்தவரிடமும் கொடுக்கலாம்; ஆனால் அவர் உங்கள் வாக்குச்சாவடிக்குத்தான் வர வேண்டும். அதை எழுதக் பொலிஸ் நிலையத்துக்கு அடையாள அட்டையோடு நேரே போங்கள். கடைசி வாரம் வரை வைத்திருக்க வேண்டாம், அங்கே வரிசை நீளும்.