நசீமுக்கு தனிப் பக்கம் குடுக்கலாமா? (வாசகர் கேள்வி, நம்ம பதில்)

கேள்வி (திருநெல்வேலியிலருந்து ஒரு வாசகர்): ஒரு பழைய ஆர்பிஜி (நாமே ஒரு பாத்திரமா கதைக்குள்ள நடமாடுற கேம்) கேமோட ஃபேன் விக்கில, அதாவது ரசிகருங்களே சேர்ந்து எழுதுற தகவல் தளத்துல, ரொம்ப நாளா எடிட் பண்றேன் சார். அந்த கேம்ல ஒரு கொல்லன் வருவான், மொத்தமே நாலு டயலாக்தான். அவனுக்கு தனிப் பக்கம் எழுதினேன், அட்மின் வந்து "மைனர் கேரக்டர்"னு சொல்லி ஒரு லிஸ்ட்ல கொண்டுபோய் சேர்த்துட்டாரு. அதே விக்கில ஒரு பூனைக்கு தனிப் பக்கம் இருக்கு! இது என்ன நியாயம்?

பதில்: பூனை என்ன வேலை பாக்குதுன்னு நீங்க எழுதவே இல்லையே. அது குவெஸ்ட் (நாம செஞ்சு முடிக்க வேண்டிய வேலை) குடுக்குற பூனையா இருந்தா உங்க கொல்லன விட பெரிய ஆளுதான், ஒண்ணும் பண்ண முடியாது.

ஆனா டயலாக்க எண்ணி பக்கம் குடுக்குற அட்மின் கூட எனக்கு ஒத்துவராது. 2011ல வந்த ஸ்கைரிம் ஆடினவங்க யார வேணா கேளுங்க, நசீம தெரியாதவங்க இருக்க மாட்டாங்க. வைட்ரன் ஊர்ல சந்தைப் பக்கம் நல்லா உடுத்திக்கிட்டு சுத்துவான், நாம பாட்டுக்கு டிராகன அடிச்சுட்டு களைச்சுப்போயி வந்தா "கிளவுட் டிஸ்ட்ரிக்ட் பக்கமெல்லாம் அடிக்கடி போவியா? அட, யார்கிட்டப் போயி கேக்குறேன், நீ எங்க போகப்போற"ன்னு ஒரு நக்கல். மெயின் கதையில அவனுக்கு துரும்பளவு வேலை கூட கிடையாது. அந்த ஒரு நக்கலுக்காகவே அவன வெட்டிப் போட்டவங்க எத்தனையோ பேரு.

ஸ்கைரிம் சேர்ந்த எல்டர் ஸ்க்ரோல்ஸ் வரிசை கேம்களுக்குன்னே யூஇஎஸ்பின்னு ஒரு சைட் 1995லருந்து இருக்கு, விக்கிபீடியாவுக்கே மூத்தது. அதுல பேரு வெச்ச ஆளுன்னா அனேகமா ஒரு பக்கம் இருக்கும். நசீமப் பத்தி தேடிப் போனீங்கன்னா, ஊருக்கு வெளிய சில்ஃபரோன்னு ஒரு பண்ணை அவனோடது, ஆனா அங்க மண்ணுல எறங்கி வேலை செய்யிறது வில்முத்னு இன்னொருத்தன், பொண்டாட்டி அஹ்லாம் கைனரெத் கோயில்ல காயம்பட்டவங்களுக்கு ஒத்தாசை பண்றா, அவளுக்கும் இவன் மேல பெருசா பிரியம் கிடையாது. கேம் ஆடும்போது இது மூணும் மூணு இடத்துல சிதறிக் கெடக்கும், நீங்க பண்ணைக்கே போகாம கேம முடிச்சிருப்பீங்க. சேர்த்து வெச்சுப் பாத்தாதான் அந்த பந்தாவுக்கு அடியில என்ன இருக்குன்னு தெரியுது. அது தனிப் பக்கம் செய்யிற வேலை, "வைட்ரன்வாசிகள்"னு ஒரு லிஸ்ட்ல ஒத்த வரியில அடங்காது.

இன்னொரு சங்கதியும் இருக்கு. ஸ்கைரிம்ல ஆளுங்க சுவத்துக்குள்ள மாட்டிக்குவாங்க, எங்கயாவது காணாமப் போயிடுவாங்க, குவெஸ்ட் அப்படியே தொங்கிடும். பிசில ஆடுறவன் என்ன பண்ணுவான், கன்சோல, அதாவது கட்டளை அடிக்கிற பெட்டியத் தொறந்து "பிரிட்"னு அடிச்சு அந்த ஆளோட ரெஃப் ஐடியப் (கேம் அந்த ஆளுக்கு வெச்ச அடையாள நம்பர்) போட்டு, அடுத்து "மூவ்டூ பிளேயர்"னு அடிப்பான், ஆளு வந்து முன்னாடி நிப்பான். அந்த ஐடி எங்க கிடைக்கும்? அந்த ஆளோட விக்கி பக்கத்துல, ஓரத்துல இருக்குற பெட்டியில. ராத்திரி ஒரு மணிக்கு அந்த நம்பரத் தேடி வர்றவனுக்கு அது மைனரா மேஜரான்னு என்ன கவலை?

இப்ப உங்க கொல்லன எடுத்துக்குங்க. கடை எப்ப தொறப்பான், என்ன விப்பான், அவன் செத்துட்டா கடை என்ன ஆகும், நாம அந்த ஊர்ல செஞ்ச தப்புக்கு அவன் பேச்சு மாறுதா, இந்த மாதிரி வேற எந்த பக்கத்துலயும் இல்லாத சரக்கு உங்க கையில இருந்தா அட்மின்கிட்ட சண்டை போடுங்க, நான் உங்க பக்கம். அது இல்லாம "இவர் ஒரு ஆண். இவர் ஒரு கொல்லர். இவர் இந்த ஊரில் வசிக்கிறார்"னு எழுதியிருந்தீங்கன்னா, கோவிச்சுக்காதீங்க, அட்மின் பண்ணினது சரிதான். லிஸ்ட்ல சேர்த்ததால நீங்க எழுதினது அழிஞ்சும் போயிருக்காது. பொதுவா பழைய பக்கம் லிஸ்ட்டுக்குத் திருப்பி விடுற வழிமாற்றா நிக்கும், வரலாறு டேப்ப அமுக்கிப் பாருங்க, உங்க எழுத்து அப்படியே இருக்கும், சரக்கு தேறினதும் எடுத்து வெளிய விட்டுக்கலாம்.

கேள்வி (சென்னை வாசகி): விக்கிபீடியால ஒரு காலத்துல ஒவ்வொரு போக்கிமானுக்கும் தனிப் பக்கம் இருந்துச்சாமே? ஏன் தூக்கினாங்க?

பதில்: ஆமாங்க, இருந்துச்சு. அது பெரிய கூத்து. எந்தக் கட்டுரையை யாரு நீக்கணும்னு சொன்னாலும் உடனே இன்னொருத்தர் வந்து "அந்த போக்கிமானுக்கே பக்கம் இருக்குறப்ப இதுக்கு ஏன் கூடாது"ன்னு கேட்டுருவாரு. இதுக்கு போக்கிமான் டெஸ்ட்னே பேரு வந்துருச்சு. கடைசியில 2007 வாக்குல முக்கால்வாசிய தூக்கி லிஸ்ட்ல போட்டாங்க, பிக்காச்சு மாதிரி வெளிய நாலு பத்திரிகைல பேசப்பட்டதுங்களுக்கு மட்டும் தனிப் பக்கம் தங்குச்சு. விக்கிபீடியாவோட கணக்கு அதுதான், சம்பந்தமில்லாத மூணாம் ஆளு அதப்பத்தி விரிவா எழுதியிருக்கணும், குறிப்பிடத்தக்கமைன்னு நம்ம தமிழ் விக்கிலயும் இதுக்காக மண்டைய ஒடச்சுக்குவாங்க.

ஃபேன் விக்கிக்கு அந்தக் கணக்கே தேவையில்ல. 2004ல விக்கிபீடியா ஜிம்மி வேல்ஸும் ஆஞ்சலா பீஸ்லியும் இந்த மாதிரி விக்கிங்களுக்கு எடம் குடுக்க விக்கிசிட்டீஸ்னு ஒரு சைட் ஆரம்பிச்சாங்க, பின்ன விக்கியான்னு ஆச்சு, 2016ல ஃபேண்டம்னு ஆச்சு. விக்கிபீடியால எடமில்லாத சங்கதியெல்லாம் குடிபோன இடம்னே அதச் சொல்லலாம். அங்க உக்காந்துக்கிட்டும் சில அட்மின்க "வெளி ஆதாரம் எங்க"ன்னு கேக்குறாங்க பாருங்க, அதான் எரிச்சலா வருது. கேமே ஆதாரம்யா! 1999ல வந்த போக்கிமான் கோல்டு, சில்வர்ல ரூட் 30ல ஜோயின்னு ஒரு பொடியன் நிப்பான், கையில ஒரே ஒரு ரட்டாட்டா, எலி மாதிரி ஒரு சாதா போக்கிமான். தோத்துட்டு போன் நம்பர் குடுப்பான், அப்புறம் போனப் போட்டு என் ரட்டாட்டா மத்த ரட்டாட்டா மாதிரி இல்ல, டாப் பர்சென்டேஜ்னு பீத்திக்கிட்டே இருப்பான். எந்த ஆதாரத்த வெச்சு அவன அளப்பீங்க? ஆடினவன் ஒருத்தனும் அவன மறக்கல.

கேள்வி (ஈரோட்டிலிருந்து ஒரு அம்மா): என் பையன் கேம்ல வர்ற யாரோ ஒருத்தனப் பத்தி ராத்திரி பூரா இங்கிலீஷ்ல எழுதுறான். உருப்படுவானா?

பதில்: எழுதுறான்லம்மா, விடுங்க. ராத்திரி பூரா மட்டும் வேண்டாம்னு சொல்லுங்க.

கேள்வி (கோவை வாசகர்): அண்டர்டேல் கேம்ல கேஸ்டர்னு ஒருத்தர், ஒழுங்கா கண்ணுலயே பட மாட்டாரு, அவரப் பத்தி ஃபேன்ஸ் பக்கம் பக்கமா எழுதுறாங்க. இது ஓவர் இல்லையா?

பதில்: ஓவர்தான், ஆனா பக்கம் இருக்குறது ஓவர் இல்ல, அதுக்குள்ள அடைக்கிற சரக்குதான் ஓவர். 2015ல டோபி ஃபாக்ஸ் பண்ணின கேம் அது. கேம் ஆரம்பிக்கும்போதே "ஃபன்"னு ஒரு நம்பர் நமக்குத் தெரியாம உள்ள விழும். அது குறிப்பிட்ட நம்பரா அமைஞ்சாதான் சாம்பல் நிறத்துல சில ஆளுங்க நிப்பாங்க, பழைய ராயல் சயின்டிஸ்ட் டபிள்யூ.டி. கேஸ்டர், தான் உருவாக்குனதுக்குள்ளயே விழுந்துட்டாருன்னு சொல்லுவாங்க. நம்பர் 66ஆ இருந்தா வாட்டர்ஃபால்ல ஒரு கதவு வரலாம், வராமயும் போகலாம், அதுக்குள்ள ஒரு உருவம் நிக்கும், பேச்சுக் குடுத்தா மறைஞ்சுரும். எத்தனையோ பேரு கேம முடிச்சும் இதுல ஒண்ணக்கூட பாத்திருக்க மாட்டாங்க.

இப்படி ஒளிச்சு வெச்சதுக்குத்தான் விக்கியே வேணும், வேற எப்படி தெரிஞ்சுக்குறது? என் சண்டை எங்கன்னா, அந்த உருவம் கேஸ்டர்தான்னு கேம் எங்கயும் சொல்லல, ஃபேன்ஸா முடிவு பண்ணினது, அத முதல் பத்திலயே உண்மை மாதிரி எழுதிட்டா அடுத்து வர்றவன் அதுமேல இன்னொரு மாடி கட்டுவான். சின்ன கேரக்டர் பக்கங்களுக்கு வர்ற வியாதியே இதுதான், சொல்ல விஷயம் கம்மி, இடம் நெறைய, உடனே "துணுக்குகள்"னு ஒரு தலைப்பப் போட்டு இவன் அவனோட தம்பியா இருக்கலாம், இந்த மோதிரம் அந்த மோதிரமா இருக்கலாம்னு இட்லிமாவுல தண்ணி ஊத்துற மாதிரி ஊத்துறது. கேம்ல இருக்கறது ஒரு பக்கம், ஆளுங்க நெனைக்கிறது இன்னொரு பக்கம்னு பிரிச்சு வெச்சா எவ்ளோ நீளமா வேணா எழுதிக்கட்டும்.

கேள்வி (மதுரை வாசகர்): இன்னைக்கு மைனர், நாளைக்கு மேஜர் ஆகிட்டா? அதுக்காகவாவது பக்கம் போட்டு வைக்கலாமே?

பதில்: ஆனவங்க உண்டு. 1997ல வந்த ஃபைனல் ஃபேண்டசி செவன்ல பிக்ஸ், வெட்ஜ், ஜெஸ்ஸின்னு மூணு பேரு, கொஞ்ச நேரம் கூட வருவாங்க, செக்டர் செவன் தூண் விழறப்ப கதைய விட்டே போயிருவாங்க. 2020ல ரீமேக் வந்தப்ப ஜெஸ்ஸிக்கு வீடு, அம்மா, மாக்கோ விஷத்துல படுத்துட்ட அப்பா, நடிகையாகணுங்கற ஆசைன்னு பெரிய கதையே குடுத்துட்டாங்க. ரீமேக் வந்ததும் பக்கத்த நீட்டிக்கிட்டாங்க, அவ்ளோதான், அதுல ஒண்ணும் சிரமமில்ல. வரப்போற ரீமேக்க நம்பி இன்னைக்கே காலிப் பக்கம் தொறந்து வெச்சா "இது ஒரு குறுங்கட்டுரை"ன்னு போர்டு மாட்டிக்கிட்டு வருஷக்கணக்கா தூசி படிஞ்சு கெடக்கும், ஒரு விக்கி முழுக்க அந்த மாதிரி பக்கமா இருந்தா வர்றவன் ரெண்டு கிளிக்லயே ஓடிருவான்.

கேள்வி (புதுச்சேரி வாசகர்): ஒரே கேள்வி சார். ரெட் டெட் ரிடெம்ப்ஷன் டூல கேவின் எங்க?

பதில்: ரோட்ஸ் ஊர்ல "கேவின், கேவின்"னு கத்திக்கிட்டே திரியிறாரே அந்த இங்கிலீஷ்காரரு, அவருக்கே தெரியல, எனக்கு எப்படி தெரியும்? 2018லருந்து ஆளுங்க தேடுறாங்க. பக்கம் வேணுமான்னு நீங்க கேக்கல, இருந்தாலும் சொல்லிடறேன், தேடுறவர் பக்கத்துல ஒரு பத்தி போதும். ஆளு கிடைச்சா தனியா போட்டுக்கலாம்.