வேலைக்குச் சின்ன லேப்டாப் போதுமா, பெரியது வேண்டுமா?

கேள்வி: நாள் முழுக்க எக்செல், மெயில், இடையில் வீடியோ மீட்டிங். வாரத்தில் மூன்று நாள் லேப்டாப்பைப் பையில் தூக்கிக்கொண்டு போக வேண்டும். 13.3 இன்ச், 15.6 இன்ச் இரண்டிலும் ஃபுல் எச்டி திரைதான். அப்படியானால் தெரிவதும் ஒரே அளவுதானே, சின்னதையே வாங்கிவிடலாமா?

பதில்: திரையின் புள்ளிக்கணக்கு (பிக்சல்) இரண்டிலும் 1920-க்கு 1080 தான். ஆனால் தெரிவது ஒன்றல்ல. 13.3 இன்ச்சில் அதை அப்படியே விட்டால் எழுத்து பொடிப்பொடியாக இருக்கும். அதனால் விண்டோஸ் பெரும்பாலும் 150 சதவீதமாகப் பெரிதாக்கிக் காட்டும். அப்போது உங்களுக்கு மிஞ்சுவது 1280-க்கு 720 அளவு இடம். 15.6 இன்ச்சில் வழக்கமாக 125 சதவீதமே போதும் என்பதால் 1536-க்கு 864 கிடைக்கும்.

எக்செல்லில் ஒரு வரிசை சாதாரணமாக 20 புள்ளி உயரம், ஒரு பத்தி 64 புள்ளி அகலம். மேலே ரிப்பனும் கீழே டாஸ்க்பாரும் இரண்டு மெஷினிலும் ஒரே அளவு இடத்தை அடைத்துக்கொள்ளும். ஆகவே குறைகிற 144 புள்ளியும் உங்கள் ஷீட்டிலிருந்துதான் போகிறது: 7 வரிசை, பக்கவாட்டில் 4 பத்தி. எப்போதாவது திறந்து பார்ப்பவருக்கு இது பெரிதில்லை. நாள் முழுக்க எண்களை ஒப்பிடுபவருக்கு மேலும் கீழும் உருட்டியே கை ஓய்ந்துவிடும்.

உங்களுக்கு நாங்கள் சொல்வது 14 இன்ச், ஆனால் 16-க்கு 10 விகிதத் திரை உள்ளது (1920-க்கு 1200). அதன் திரை உயரம் 18.8 செ.மீ.; பழைய 16-க்கு 9 விகித 15.6 இன்ச்சின் உயரம் 19.4 செ.மீ. அரை சென்டிமீட்டருக்குச் சற்று கூடுதலான வித்தியாசம்தான். அகலத்தில் 4 செ.மீ.க்கு மேல் குறைவதால் பையில் எளிதாக நுழையும். கண் ஒத்துழைத்து 125 சதவீதத்தில் வைக்க முடிந்தால் 1536-க்கு 960 கிடைக்கும், அதாவது பெரிய மெஷினைவிட அதிக வரிசைகள். எழுத்து கொஞ்சம் சிறுக்கும். கடையிலேயே வைத்துப் பார்த்துவிடுங்கள்.

எடையைச் சார்ஜரோடு சேர்த்துக் கணக்கிடுங்கள். 14 இன்ச் லேப்டாப் மட்டும் 1.2 முதல் 1.5 கிலோ, 15.6 இன்ச் என்றால் பெரும்பாலும் 1.7 கிலோவுக்கு மேல். தனி கிராஃபிக்ஸ் உள்ள பெரிய மெஷினின் சார்ஜர் மட்டுமே அரை கிலோ வரை வரும்.

மற்ற நாட்களில் மேசையில்தான் வேலை என்றால் 24 இன்ச் மானிட்டர், தனி கீபோர்டு, மவுஸ் வாங்கிக்கொள்ளுங்கள். எந்த லேப்டாப்பானாலும் கீபோர்டு கைக்கு வசதியாக இருந்தால் திரை தாழ்ந்துதான் இருக்கும். கழுத்து வலி அங்கே தொடங்குகிறது. பெரிய லேப்டாப் அதைத் தீர்க்காது. மானிட்டர் தீர்க்கும்.

ஒரு எச்சரிக்கை: டைப்-சி போர்ட்டில் சார்ஜ் ஏறுகிறது என்பதாலேயே அதில் இணைத்த மானிட்டரில் படம் வந்துவிடாது. விவரக்குறிப்பில் அந்த போர்ட்டுக்கு நேரே ‘டிஸ்ப்ளேபோர்ட்’ அல்லது ‘தண்டர்போல்ட்’ என்று இருக்க வேண்டும். எச்டிஎம்ஐ போர்ட் தனியாக இருந்தால் கவலையில்லை.

கேள்வி: 11.6 இன்ச்சில் 4 ஜிபி ரேம், 64 ஜிபி ஸ்டோரேஜ் உள்ள குட்டி லேப்டாப் மலிவாகக் கிடைக்கிறது. டைப்பிங் வேலைக்குப் போதாதா?

பதில்: வாங்காதீர்கள். விண்டோஸ் 11-க்கு மைக்ரோசாஃப்ட் சொல்லும் குறைந்தபட்ச அளவே 4 ஜிபி ரேமும் 64 ஜிபி ஸ்டோரேஜும்தான். அது ஓடத் தொடங்குவதற்கான அளவு, வேலை செய்வதற்கானது அல்ல. பிரவுசரில் நாலைந்து டேப் திறந்ததுமே ரேம் நிரம்பி, மீதியை ஸ்டோரேஜில் எழுதத் தொடங்கும். இந்த விலை மெஷின்களில் இருப்பது பெரும்பாலும் இஎம்எம்சி வகை ஸ்டோரேஜ். எஸ்எஸ்டியைவிட மிக மெதுவானது. எனவே எழுத்தை அடித்தால் கொஞ்சம் தாமதித்துத் திரைக்கு வரும். சில மாதங்களில் பெரிய அப்டேட் வரும்போது இடம் போதாமல் பாதியில் நிற்கும். ரேமும் ஸ்டோரேஜும் பெரும்பாலும் போர்டோடு ஒட்டப்பட்டிருப்பதால் பின்னால் கூட்டவும் வழியில்லை.

அலுவலக வேலைக்கு 16 ஜிபி ரேம், 512 ஜிபி எஸ்எஸ்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். ரேமைப் பிறகு கூட்டிக்கொள்ளலாம் என்று கடைக்காரர் சொன்னால், அங்கேயே கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்து, ‘பெர்ஃபார்மன்ஸ்’ பகுதியில் ‘மெமரி’யைச் சொடுக்குங்கள். ‘ஃபார்ம் ஃபேக்டர்’ என்ற வரியில் ‘ரோ ஆஃப் சிப்ஸ்’ என்றிருந்தால் ஒட்டப்பட்ட ரேம். ‘எஸ்ஓடிம்’ என்றிருந்தால் கழற்றி மாட்டும் வகை.

கேள்வி: ஃபேன் இல்லாத மெல்லிய மாடல் நல்லதா?

பதில்: சத்தமும் தூசியும் இல்லை, எழுத்து வேலைக்கு நன்றாகவே இருக்கும். ஆனால் வீடியோ எடிட்டிங் மாதிரி தொடர்ந்து பாரம் ஏற்றினால், சூட்டைத் தள்ள வழியின்றி சில நிமிடங்களில் பிராசசர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அந்த வேலைக்கு ஃபேன் உள்ள, தடிமனான 15 அல்லது 16 இன்ச் மெஷின்தான் சரி.

கேள்வி: எண்களை நிறைய அடிக்கிறேன். தனி நம்பர் பேட் வேண்டுமென்றால் பெரியதைத்தானே வாங்க வேண்டும்?

பதில்: அவசியமில்லை. 15.6 இன்ச்சில் நம்பர் பேட் வலப்பக்கம் இடத்தைப் பிடிப்பதால் எழுத்து விசைகள் இடப்பக்கம் தள்ளிப்போகும். நடுவில் உட்கார்ந்து அடிக்க உடம்பைத் திருப்ப வேண்டியிருக்கும். யுஎஸ்பி நம்பர் பேட் தனியாக விற்கிறது. சிறிய லேப்டாப்போடு அதைச் செருகி, கைக்கு வாகான இடத்தில் வைத்துக்கொள்ளலாம். இடது கைப் பழக்கம் உள்ளவர்கள் அதை இடப்பக்கமே வைக்கலாம்.