கிராஜுவிட்டியில் பங்கு கேட்பவரிடம் கையெழுத்துப் போடலாமா?

கேள்வி: தமிழ்நாட்டில் ஒரு தனியார் நிறுவனத்தில் 7 ஆண்டு 8 மாதம் ஸ்டோர் கீப்பராக வேலை பார்த்தேன். நூறு பேருக்கு மேல் வேலை செய்யும் இடம். கடைசியாக அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்த்து 18,200 ரூபாய். சென்ற மாதம் ராஜினாமா செய்தேன். "நீங்களாக நின்றதால் கிராஜுவிட்டி கிடையாது. ஸ்டாக்கில் 40,000 ரூபாய் குறைகிறது, அதற்கே சரியாகப் போய்விடும்" என்கிறார்கள். கடைசி மாதச் சம்பளமும் வரவில்லை. லேபர் கன்சல்டன்ட் ஒருவர், வருகிற பணத்தில் 25 சதவீதம் கொடுத்தால் வாங்கித் தருவதாகச் சொல்லி, வெற்று முத்திரைத்தாளில் கையெழுத்துக் கேட்கிறார். அசல் நியமன ஆணையை ஏற்கெனவே அவரிடம் கொடுத்துவிட்டேன். கையெழுத்துப் போடலாமா? – ஒரு வாசகி

பதில்: போடாதீர்கள்.

முதலில் உங்கள் பணம் எவ்வளவு என்று பார்த்துவிடுவோம். ஐந்து ஆண்டு தொடர்ந்து வேலை பார்த்தவருக்கு, அவராகவே ராஜினாமா செய்தாலும் கிராஜுவிட்டி, அதாவது வேலையை விட்டுப் போகும்போது நிர்வாகம் தர வேண்டிய பணிக்கொடை, உண்டு. 1972ஆம் ஆண்டுச் சட்டத்தில் அப்படித்தான் இருந்தது. 2025 நவம்பர் 21 முதல் அதன் இடத்துக்கு வந்திருக்கும் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் அப்படித்தான். "நீங்களாக நின்றதால் கிடையாது" என்பது தவறு.

மாதச் சம்பளத்தை 26ஆல் வகுத்து 15ஆல் பெருக்குங்கள். 18,200க்கு 10,500 வரும். ஆறு மாதத்துக்கு மேல் போனால் முழு ஆண்டாக எடுத்துக்கொள்வார்கள் என்பதால் உங்களுக்கு 8 ஆண்டு. ஆக 84,000 ரூபாய். இதில்தான் அந்த மனிதர் 21,000 கேட்கிறார், ஒரு விண்ணப்பம் எழுதிக் கொடுப்பதற்கு.

வழக்கறிஞராகப் பதிவு செய்த யாரும், ஜெயித்தால் வரும் பணத்தில் இவ்வளவு பங்கு என்று பேசக் கூடாது. பார் கவுன்சில் விதி அதைத் தடை செய்கிறது. சதவீதம் பேசுகிறவர் ஒன்று வழக்கறிஞரே இல்லை, அல்லது விதியை மீறும் வழக்கறிஞர். இரண்டில் எதுவானாலும் உங்களுக்கு அவர் வேண்டாம். வெற்றுத் தாளில் போட்ட கையெழுத்துக்கு மேலே என்ன வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம். "முப்பதாயிரம் பெற்றுக்கொண்டேன், இனி எந்தப் பாக்கியும் இல்லை" என்றும் எழுதலாம். தொழிலாளியிடம் ஒரு பங்கு, முடித்துக் கொடுத்ததற்கு நிர்வாகத்திடம் ஒரு தொகை என்று இரண்டு பக்கமும் வாங்குகிறவர்கள் இந்தத் தொழிலில் இருக்கிறார்கள். பாதிக்கப்பட்டவர்கள் பலர் வெளியே சொல்வதே இல்லை, கையெழுத்துப் போட்டது நாம்தானே என்ற கூச்சத்தில். உங்களுக்கு அந்த நிலை வரவே கூடாது.

சரி, ஸ்டாக் குறைவு. உங்களை உண்மையில் பயமுறுத்துவது இதுதான் என்று நினைக்கிறேன், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். கிராஜுவிட்டியைப் பிடித்து வைக்கச் சட்டத்தில் ஒரு வழி இருக்கிறது. ஊழியர் வேண்டுமென்றோ அலட்சியத்தாலோ நிர்வாகத்தின் சொத்துக்கு நஷ்டம் ஏற்படுத்தி, அந்தக் காரணத்துக்காக வேலையை விட்டு நீக்கப்பட்டால், அந்த நஷ்டத்தின் அளவுக்குப் பிடிக்கலாம். அடிதடி, வன்முறை, அல்லது பணியின் ஊடே செய்த ஒழுக்கக்கேடான குற்றம் ஆகியவற்றுக்காக நீக்கப்பட்டால் முழுவதையும்கூட மறுக்கலாம். இரண்டு இடத்திலும் "நீக்கப்பட்டால்" என்பதைக் கவனியுங்கள். உங்களை யாரும் நீக்கவில்லை. நீங்கள் ராஜினாமா கொடுத்தீர்கள். குற்றச்சாட்டுக் குறிப்பாணை வந்ததா? விசாரணை நடந்ததா? விளக்கம் கேட்டார்களா? எதுவும் இல்லாமல், ஆள் வெளியே போன பிறகு ஒரு தொகையைச் சொல்லிக் கழித்துக்கொள்ள முடியாது. வேலையில் இருந்த நாளிலேயே பொருள் குறைந்திருந்தால் அன்றைக்கே கேட்டிருக்க வேண்டும். உண்மையிலேயே நஷ்டம் என்று நம்பினால் அதற்கு அவர்கள் தனியாக வழக்குப் போட்டு நிரூபிக்கட்டும். "குறைந்தது உண்மைதான்" என்று மட்டும் எங்கேயும் எழுதிக் கொடுத்துவிடாதீர்கள், செட்டில்மென்ட் தாளின் ஓரத்தில்கூட.

இப்போது செய்ய வேண்டியது. வேலையில் சேர்ந்த தேதி, ராஜினாமா தேதி, கடைசிச் சம்பளம் மூன்றையும் குறிப்பிட்டு, கிராஜுவிட்டியும் சம்பளப் பாக்கியும் கேட்டு நிர்வாகத்துக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். நேரில் கொடுத்தால் நகலில் முத்திரை வாங்குங்கள். மறுத்தால் ஸ்பீடு போஸ்டில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். வாட்ஸ்ஆப்பில் அனுப்பியது போதும் என்று விட்டுவிடாதீர்கள். ராஜினாமா செய்தவருக்கு இரண்டு வேலை நாளுக்குள் சம்பளத்தை முடித்துக் கொடுக்க வேண்டும் என்பது இப்போதைய ஊதியச் சட்டத் தொகுப்பு. கிராஜுவிட்டிக்கு 30 நாள். அதற்கு மேல் இழுத்தால் வட்டியும் சேரும்.

பணம் வரவில்லை என்றால் தொழிலாளர் துறையில் கிராஜுவிட்டி மனுக்களை விசாரிக்கும் அதிகாரியிடம் மனு. இதை மூன்று மாதத்துக்குள் கொடுத்துவிடுங்கள். நீங்களே நேரில் ஆஜராகலாம். வழக்கறிஞர் வேண்டுமென்றால் மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள், அல்லது 15100க்கு அழையுங்கள். பெண்களுக்கு வருமான வரம்பு எதுவும் பார்க்காமல் இலவசமாக வழக்கறிஞர் தர வேண்டும் என்று 1987ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. ஆலைத் தொழிலாளி ஆணாக இருந்தாலும் அந்த உரிமை உண்டு. இவ்வளவு பெரிய உரிமையை ஒவ்வொரு ஆலை வாசலிலும் எழுதி வைத்திருக்க வேண்டும். வைக்கவில்லை. அந்த இடைவெளியில்தான் இந்த இடைத்தரகர்கள் பிழைக்கிறார்கள்.

சீக்கிரம் முடியும் என்று நான் பொய் சொல்ல மாட்டேன். நோட்டீஸ் திரும்பி வரும், நிர்வாகத் தரப்பு வாய்தா கேட்கும், அதிகாரிக்கு வேறு பொறுப்பும் இருக்கும். ஐந்து நிமிடத்தில் போட்டுவிடக்கூடிய கணக்குக்கு மாதக்கணக்கில் அலைய வைப்பது அநியாயம், இதை எத்தனை முறை சொன்னாலும் எனக்குப் போதாது. ஆனால் உத்தரவு வந்துவிட்டால் உங்கள் பக்கம் வலு அதிகம். மேல்முறையீட்டுக்குப் போக நிர்வாகம் அந்தத் தொகையை முதலில் கட்டியாக வேண்டும். கட்டவும் இல்லை, கொடுக்கவும் இல்லை என்றால் கட்டாயமாக வசூலிக்கச் சட்டத்தில் வழி இருக்கிறது.

இதைப் படிக்கும் சிறு முதலாளிகளுக்கும் ஒன்று. "ஃபுல் அண்ட் ஃபைனல் என்று கையெழுத்து வாங்கிவிட்டால் கிராஜுவிட்டி தர வேண்டியதில்லை" என்று உங்கள் கன்சல்டன்ட் சொன்னால் நம்பாதீர்கள். கிராஜுவிட்டிச் சட்டத்துக்கு எதிரான ஒப்பந்தம் செல்லாது. பத்துப் பேர் வேலை செய்யும் கடைக்கும் இது பொருந்தும். பிறகு ஆள் குறைந்தாலும் பொறுப்புப் போகாது. வட்டியோடு கட்டப் போவது நீங்கள், அந்த ஆலோசகர் அல்ல.

அப்புறம், அந்த அசல் நியமன ஆணை. குறிப்பிட்ட தேதிக்குள் திருப்பித் தரும்படி, உங்களிடம் 25 சதவீதம் கேட்ட அந்த லேபர் கன்சல்டன்ட்டிடமும் எழுத்தில் கேளுங்கள். தரவில்லை என்றால் காவல் நிலையத்தில் புகார் கொடுத்து மனு ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். ஆனால் அது கைக்கு வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். பிஎஃப் பாஸ்புக்கில் நிறுவனத்தின் பெயரோடு மாதாமாதம் பணம் கட்டிய விவரம் இருக்கிறது. அதையும் சம்பளம் ஏறிய வங்கிக் கணக்கின் அறிக்கையையும் இணைத்து, இந்த வாரமே கடிதத்தை அனுப்பிவிடுங்கள்.