ஊரடங்கு விட்டுப்போன கணக்குகள்: கேள்வி-பதில்

2020 நவம்பர் தபாலில் பாதிக்கு மேல் கொரோனா கணக்குதான். பதில்கள் அன்றைய விதிப்படி.

பயிர்க்கடன், டிராக்டர் கடன் இரண்டுக்கும் தவணை தள்ளிவைப்பு வாங்கினேன். வட்டிக்கு வட்டியை அரசு திருப்பித் தருகிறதாம். எனக்கு வரவில்லையே?

வராது. தள்ளிவைப்பு வேறு, தள்ளுபடி வேறு. எத்தனை முறை எழுதினாலும் இதே கடிதம் வருகிறது. மார்ச் 1 முதல் ஆகஸ்டு 31 வரை நின்றது தவணைதான். வட்டி ஓடிக்கொண்டே இருந்தது. ஒரு லட்சத்துக்கு 7 சதவீதத்தில் ஆறு மாதத்துக்கு 3,500 ரூபாய். இப்போது வரவு வைத்தது, 2 கோடிக்குள் கடன் உள்ளவர்களுக்கு அந்த ஆறு மாதத்தில் கூட்டு வட்டிக்கும் தனி வட்டிக்கும் உள்ள வித்தியாசம். வீடு, கார், கிரெடிட் கார்டு, ஃப்ரிட்ஜ் கடன் எல்லாவற்றுக்கும் உண்டு. பயிருக்கும் டிராக்டருக்கும் கிடையாது. ஃப்ரிட்ஜுக்கு இரங்கியவர்களுக்கு, அதில் வைக்கிற காயை விளைவிக்கிறவன் கண்ணில் படவில்லை.

அதை விடுங்கள், தொகை சின்னது. பெரியது வேறொன்று. உங்கள் பயிர்க்கடன் கெடு அந்த ஆறு மாதத்துக்குள் முடிந்து, ஆகஸ்டு 31-க்குள் கட்டியிருந்தால் 3 சதவீதச் சலுகை உண்டு. 7 அல்ல, 4 சதவீதம்தான். ஒரு லட்சத்துக்கு வருடம் 3,000 ரூபாய். பாஸ்புக்கில் பதிவு போட்டுப் பாருங்கள். 7 பிடித்திருந்தால் மேலாளருக்கு மனு எழுதி, நகலில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். வாயால் கேட்டதற்கு யாரும் பதில் சொல்ல மாட்டார்கள்.

முட்டை, கோழி வழியாகக் கொரோனா வருமா?

வராது. இந்தப் புரளியால்தான் மார்ச்சில் நாமக்கல் முட்டைக் கொள்முதல் விலை 2 ரூபாய்க்கும் கீழே போனது.

ஆள் வராததால் சித்திரை, வைகாசியில் மல்லிகையைப் பறிக்காமல் விட்டோம். பிறகு மொட்டெல்லாம் ஓட்டை.

விலை இல்லாவிட்டாலும் மொட்டைப் பறித்து வெளியேற்ற வேண்டும். விட்டது மொட்டுப்புழுவுக்கு விருந்து. நவம்பர்தான் கவாத்து நேரம். தரையிலிருந்து ஒன்றரை அடி விட்டு வெட்டுங்கள். வெட்டிய கிளையை வரப்பில் குவிக்காமல் எரித்துவிடுங்கள். செடிக்குத் தொழுவுரம் 10 கிலோ, யூரியா 65 கிராம், சூப்பர் பாஸ்பேட் 375 கிராம், பொட்டாஷ் 100 கிராம் வைத்து நீர் பாய்ச்சுங்கள். மீதிப் பாதி உரம் ஆனி, ஆடியில்.

சின்ன வெங்காயம் பட்டறையில் (சேமித்து வைக்கும் குவியலில்) அழுகுகிறது. மருந்து சொல்லவும்.

என்றைக்குப் பிடுங்கினீர்கள், தாள் காய்ந்ததா, பட்டறை என்ன அகலம், ஒன்றும் எழுதவில்லை. திங்கிற பொருள்மேல் மருந்தடிக்கக் கூடாது. பட்டறையைப் பிரித்து அழுகலைப் பொறுக்குங்கள். நல்லதை நிழலில் மூன்று நான்கு நாள் ஆற்றி, தரையிலிருந்து ஓர் அடி உயர்த்தி, அடியிலும் பக்கத்திலும் காற்றுப் போகும்படி அடுக்குங்கள். பிடுங்குவதற்குப் பத்து நாள் முன்பே தண்ணீரை நிறுத்தாமலும், கடைசியில் யூரியா போட்டும் காயைப் பெருக்க வைத்தால் எந்தப் பட்டறையும் காப்பாற்றாது.

கோயம்பேடு சந்தை மறுபடி மூடினால்?

மே 5-ல் மூடி, காய்கறி திருமழிசைக்குப் போனது; திறந்தது செப்டம்பர் 28. ஒரே சந்தையை நம்பி ஒரு ஏக்கரையும் ஒரே நாளில் நடாதீர்கள். 15 நாள் இடைவெளியில் மூன்று பகுதியாக நடுங்கள். நேரடியாக விற்க உழவர் சந்தை அட்டையை இப்போதே வாங்கி வையுங்கள்.

நூறு நாள் வேலையில் 256 ரூபாய் என்றார்கள். 200-தான் ஏறியது.

256 என்பது 2020-21-க்கான உச்சம். வெட்டிய மண்ணை அளந்துதான் கூலி. அளக்கும்போது பக்கத்தில் நில்லுங்கள். வேலை கேட்கும் மனுவுக்குத் தேதியிட்ட ரசீது வாங்குங்கள். 15 நாளில் வேலை தராவிட்டால் வேலையில்லாப் படி கேட்க அந்த ரசீதுதான் ஆதாரம்.

எனக்கு நிலமே இல்லை. ஆதார் கேட்டார்கள், கொடுத்தேன். பிஎம் கிசான் பணம் 4,000 விழுந்தது. இப்போது திருப்பிக் கேட்கிறார்கள்.

நிலம் இல்லாதவருக்கு உழவர் பணம் எப்படி வரும் என்று அன்றைக்கே கேட்டிருக்க வேண்டும். கட்டிவிடுங்கள். பதிவு செய்து தந்த தரகரிடமோ, வீடு தேடி வருகிறவரிடமோ ரொக்கமாகத் தராதீர்கள். வேளாண் அலுவலகத்தில் கேட்டு, அவர்கள் சொல்லும் அரசுக் கணக்கில் வங்கி வழியாகக் கட்டி, சலானை வைத்திருங்கள்.