பெயர் எழுதிவைத்தவர்கள்

அன்புள்ள ஐயா,

சென்ற மாதம் நானும் மனைவியும் கொச்சி மட்டாஞ்சேரியில் யூதர்களின் பரதேசி ஜெபாலயத்துக்குப் போயிருந்தோம். திரும்பி வந்ததிலிருந்து யூதர்களின் நாட்டார் கலை பற்றித் தேடித்தேடி வாசிக்கிறேன். சில சந்தேகங்கள். உருவம் செய்யக்கூடாது என்று அவர்கள் வேதமே தடுக்கிறது. பிறகு எப்படி இந்தக் கலை வந்தது? பாரசீகத்தில் பாரசீகம் மாதிரியும் இத்தாலியில் இத்தாலி மாதிரியும் இருப்பதை யூதக் கலை என்று சொல்லலாமா? அங்கே என் மனைவி, "இதையெல்லாம் யார் செஞ்சாங்க?" என்று திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டே இருந்தாள். நாட்டார் கலையில் அந்தக் கேள்விக்கே இடமில்லை, பெயரற்ற கைகள் செய்தது என்பதுதான் அதன் அழகு என்று சொன்னேன். சரிதானே? அடுத்து அலுவலக வேலையாக வார்சா போகிறேன். இரண்டு நாள் ஓய்வு இருக்கும். எதைப் பார்க்கலாம்?

அன்புடன்,
எஸ்.

அன்புள்ள எஸ்.,

வார்சாவில் போலந்து யூதர்களின் வரலாற்றைச் சொல்லும் போலின் அருங்காட்சியகத்துக்குப் போங்கள். 2014இல் திறந்த நிரந்தரக் காட்சியில், க்வோஷ்ஜெட்ஸ் என்ற சிற்றூரின் மர ஜெபாலயக் கூரையையும் வண்ண விதானத்தையும் மறுபடி கட்டி வைத்திருக்கிறார்கள். அந்த ஊர் இப்போது உக்ரைனில் இருக்கிறது. பதினேழாம் நூற்றாண்டில் கட்டிய அசல் ஜெபாலயம் நாஜிகள் காலத்தில் அழிந்தது. முதல் உலகப் போருக்கு முன் அலாய்ஸ் ப்ரையர் என்ற கட்டடக் கலைஞர் எடுத்த புகைப்படங்களும் வரைபடங்களும் தப்பியதால், நூற்றுக்கணக்கான தன்னார்வலர்கள் சேர்ந்து பழைய கருவிகளால் மரத்தை இழைத்து, முயல்தோல் பசையில் நிறங்களைக் குழைத்து அதைத் திரும்பச் செய்ய முடிந்தது. நீலமும் செம்மண் நிறமுமாகச் சிங்கங்கள், ஒற்றைக்கொம்புக் குதிரை, ராசிச் சக்கரம். ஒரு நாள் முழுக்க அதற்கே வையுங்கள். மற்றதை அங்கே போய்க் கேட்டுக்கொள்ளுங்கள்.

உருவத்தடை பற்றிய கேள்வியை எல்லாரும் கேட்கிறார்கள். வணங்குவதற்கு உருவம் செய்யாதே என்பதுதான் கட்டளை. அதை எவ்வளவு இறுக்கமாகப் பிடிப்பது என்பது காலத்துக்குக் காலம், ஊருக்கு ஊர் மாறியது. சிரியாவில் தூரா யூரோப்போஸ் ஜெபாலயத்தின் சுவர்களில், மூன்றாம் நூற்றாண்டிலேயே மோசேயையும் எஸ்தரையும் தீட்டியிருக்கிறார்கள். அக்கம்பக்கத்தைப் பார்த்துச் செய்தது யூதக் கலையாகுமா என்ற கேள்விக்கும் நீண்ட பதில் வேண்டாம். இஸ்பஹானின் திருமண ஒப்பந்தத்தில் பாரசீகச் சிங்கமும் சூரியனும் இருக்கும், இத்தாலியில் சிறகு முளைத்த குழந்தைகள் இருக்கும். இரண்டிலும் மணமகளுக்குக் கணவன் தரவேண்டிய தொகையும் கடமைகளும் எழுதப்பட்டிருக்கும். அக்கம்பக்கத்திலிருந்து எடுக்காத கலை உலகத்தில் எங்கே இருக்கிறது?

நான் உங்களுக்குப் பதில் எழுத உட்கார்ந்தது உங்கள் மூன்றாவது கேள்விக்காக. "சரிதானே" என்று கேட்கிறீர்கள். சரியில்லை. மட்டாஞ்சேரியில் நல்ல கேள்வி கேட்டவர் உங்கள் மனைவி. அவர் வாயை நீங்கள் அடைத்திருக்கிறீர்கள், அதுவும் எங்கோ வாசித்த ஒரு சொற்றொடரைக் கொண்டு. "பெயரற்ற கைகள்" என்று சொல்வதில் ஒரு சுகம் இருக்கிறது. சொல்பவருக்குத் தேடும் வேலை மிச்சம்.

நீங்கள் காட்டும் அந்தக் கட்டளை யாத்திராகமம் இருபதாம் அதிகாரத்தில் வருகிறது. அதே புத்தகத்தில் பதினோரு அதிகாரம் தள்ளிப் பாருங்கள். ஆசரிப்புக் கூடாரத்தைச் செய்யவேண்டிய தச்சனை, பொற்கொல்லனைக் கடவுளே பெயர் சொல்லி அழைக்கிறார். யூதா கோத்திரத்து ஊர் என்பவனின் பேரன், ஊரியின் மகன் பெசலெயேல். கூடவே தாண் கோத்திரத்து அகோலியாப். கைவினைஞனுக்கு அப்பன் பெயர், பாட்டன் பெயர், குலம் எல்லாம் சொல்லும் வேதம் அது. 1906இல் எருசலேமில் போரிஸ் ஷாட்ஸ் கலைப்பள்ளி தொடங்கியபோது அதற்குப் பெசலெயேல் என்றே பெயர் வைத்தார்.

அந்த மரபில் வந்தவர்களும் பெயர் எழுதிவைத்தார்கள். இஸ்ரேலில் பெத் ஆல்ஃபா என்ற இடத்தில் ஒரு கிப்புட்ஸ்காரர்கள், அதாவது கூட்டுப்பண்ணைக்காரர்கள், வாய்க்கால் வெட்டும்போது கிடைத்த ஆறாம் நூற்றாண்டுத் தரையைப் பாருங்கள். ராசி மண்டலம், நடுவே தேரில் சூரியன், ஆபிரகாம் மகனைப் பலியிடப்போகும் காட்சி. கோடுகள் எல்லாம் ஒரு குழந்தை வரைந்ததுபோலத் தைரியமாக இருக்கும். வாசலருகே கிரேக்கத்தில் எழுதியிருக்கிறது: இதைச் செய்த மரியனோஸும் அவர் மகன் ஹனினாவும் நினைவுகூரப்படட்டும். அப்பனும் மகனும் முழங்காலிட்டுக் கல் பதித்திருக்கிறார்கள். உங்கள் வாதத்தை அவர்களிடம் சொல்லிப் பாருங்கள்.

நீங்கள் வார்சாவில் பார்க்கப்போகும் விதானத்தை வரைந்தவர்களில் ஒருவர் யாரிச்சூவ் ஊரின் இஸ்ரயேல் பென் மொர்தெகாய். ஜெர்மனியில் ஹோர்ப் என்ற சிற்றூரில் 1735இல் மர ஜெபாலயத்தின் உட்புறம் முழுக்கப் பூவும் மிருகமும் தீட்டியவர் எலியேசர் சூஸ்மான். போலந்து ராஜ்யத்தின் ப்ரோடியிலிருந்து கிளம்பி, ஜெர்மனியில் ஊர் ஊராக வரைந்துகொண்டே போனவர். அந்த ஹோர்ப் விதானம் இன்று எருசலேமில் இஸ்ரேல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பெலாரூஸில் மொகிலேவ் ஜெபாலயத்தைத் தீட்டியவர் ஸ்லுட்ஸ்கின் ஹாயிம் செகால். ஓவியர் மார்க் ஷகால் அவரைத் தன் மூதாதை என்றே சொல்லிக்கொண்டார். ஏமனில் யூதத் தட்டார்கள் வெள்ளி நகையில் தங்கள் முத்திரையைக் குத்தினார்கள். கிழக்கு ஐரோப்பாவில் காகிதத்தை மடித்துப் பலகைமேல் வைத்துக் கத்தியால் மானும் சிங்கமும் வெட்டியெடுத்து, பிரார்த்தனைத் திசையைக் காட்டக் கிழக்குச் சுவரில் மாட்டினார்கள். ஆண்களும் மதப்பள்ளி மாணவர்களும் செய்த வேலை அது. அவற்றிலும் பலவற்றின் அடியில் பெயரும் ஆண்டும் உண்டு.

பிறகு பெயர்கள் எப்படிப் போயின? எஸ்., இதைக் கொஞ்சம் நிதானமாக வாசியுங்கள். 1912 முதல் 1914 வரை எழுத்தாளர் ஆன்ஸ்கி இன்றைய உக்ரைனின் வொலீனியாவிலும் பொடோலியாவிலும் சிற்றூர் சிற்றூராகப் போய்ப் பாட்டும் கதையும் பொருளும் சேகரித்தார். பிறப்பிலிருந்து இறப்புக்கு அப்பால்வரை ஒரு யூதனின் வாழ்க்கையைப் பற்றி 2,087 கேள்விகள் கொண்ட ஒரு பட்டியலைத் தயாரித்தார். கேட்டுமுடிக்க உலகப் போர் விடவில்லை. அவர் நடந்த ஊர்களில் பலவற்றில் முப்பது ஆண்டுக்குள் பதில் சொல்ல ஆளே இல்லாமல் போனார்கள். இரண்டாம் உலகப் போர் முடிந்தபோது ஜெர்மனியில் கிடங்கு கிடங்காக யூதப் புத்தகங்களும் வழிபாட்டுப் பொருட்களும் கிடந்தன, எந்த ஊர், யாருடையது என்று சொல்ல ஒருவரும் இல்லாமல். அவற்றை மீட்டு உலகெங்கும் பகிர்ந்தளிக்க யூதப் பண்பாட்டு மீட்பு அமைப்பு என்று ஒன்று வேலை செய்தது. சிந்தனையாளர் ஹன்னா ஆரெண்ட் அதன் நிர்வாகச் செயலாளராக இருந்தார். அப்படி வந்து சேர்ந்த ஒரு வெள்ளிக் கிண்ணத்துக்குப் பெயர் இல்லை என்றால், அது நாட்டார் மனத்தின் அடக்கம் இல்லை. பெயரைச் சொல்லக்கூடியவர்களைக் கொன்றார்கள். அதைப் போய் அழகு என்கிறீர்களே.

தெரிந்தே சொல்லியிருக்க மாட்டீர்கள். மட்டாஞ்சேரியிலிருந்து திரும்பியதும் உட்கார்ந்து வாசிக்க ஆரம்பித்த மனிதர் நீங்கள், அது எனக்குப் பிடித்திருக்கிறது. அதனால்தான் இவ்வளவு கடுமையாக எழுதுகிறேன்.

உங்கள் மனைவிக்கு உரிய பதில் இது: மட்டாஞ்சேரி ஜெபாலயத்தின் நீலத் தரையோடுகள் சீனாவிலிருந்து பதினெட்டாம் நூற்றாண்டில் வந்தவை, வரவழைத்தவர் வணிகர் எசெக்கியேல் ரஹாபி. 1760இல் அங்கே மணிக்கூண்டு கட்டியவரும் அவரே. கையால் தீட்டிய ஓடுகள் அவை.

இனி என் மனதில் கிடக்கும் விஷயத்துக்கு வருகிறேன். ஐரோப்பாவின் ஒரு சிறிய அருங்காட்சியகத்தில் இழுப்பறையைத் திறந்து எனக்கு ஒரு துணியைக் காட்டினார்கள். ஜெர்மன் யூதர்கள் விம்ப்பெல் என்பார்கள். ஆண் குழந்தைக்கு எட்டாம் நாள் விருத்தசேதனம் செய்யும்போது சுற்றியிருந்த துணியைத் துவைத்து, நான்கு பட்டைகளாகக் கிழித்து, முனையோடு முனை வைத்துத் தைத்து நீளப் பட்டையாக்குவார்கள். பையன் கொஞ்சம் வளர்ந்து முதல்முறை ஜெபாலயத்துக்கு வரும்போது அதைக் கொண்டுவந்து கொடுப்பான். யூத வேதமான தோரா எழுதிய சுருளைச் சுருட்டி இறுக்கிக் கட்ட அது பயன்படும். பதின்மூன்று வயதில் அவன் முதன்முறை தோரா வாசிக்கும் நாளில் அவனுடைய பட்டையையே எடுத்துக் கட்டுவார்கள். கொச்சியிலும் பாக்தாதிலும் ஏமனிலும் சுருள் ஒரு கெட்டியான மரப்பெட்டிக்குள் நிமிர்ந்து நிற்கும். அங்கே இப்படி ஒரு பழக்கம் வளரவில்லை. ஜெர்மனியின் மைன்ஸ் நகரத்தில் மகாரில் என்ற சமயப் பெரியவர் கலந்துகொண்ட சடங்கில் குழந்தையைச் சுற்றத் துணி இல்லாமல் போக, தோராவைக் கட்டும் பட்டையை எடுத்துக் கொடுத்தார் என்றும், அதிலிருந்து பிறந்த வழக்கம் என்றும் கதை சொல்வார்கள்.

நான் பார்த்தது நூற்றைம்பது வருடம் பழையது. மூன்று மீட்டருக்கு மேல் நீளம், ஒரு சாண் அகலம். மூன்று ஒட்டுத்தையல்களும் தெரிகின்றன. ஒன்றில் நூலின் நிறம் மாறியிருக்கிறது, கையில் இருந்தது தீர்ந்திருக்கும். காம்புத்தையலில் எபிரேய எழுத்துகள். லாமேத் என்ற எழுத்தின் நீண்ட கழுத்து ஒரு பறவையின் கழுத்தாகி, அலகில் இலையோடு நிற்கிறது. தேதிக்குப் பக்கத்தில் பிறந்த மாதத்து ராசி, ஒரு தேள், கொடுக்கு மட்டும் சிவப்பு நூலில். வாசகம் எல்லா விம்ப்பெலுக்கும் பொதுவானது: இன்னாரின் மகன் இன்னார், நல்ல நேரத்தில் இந்த நாளில் பிறந்தான், தோராவுக்கும் மணப்பந்தலுக்கும் நற்செயல்களுக்கும் அவன் வளரட்டும். மணப்பந்தல் என்ற சொல்லுக்கு மேலே நிஜமாகவே ஒரு பந்தல், அதற்குள் கட்டைவிரல் உயரத்தில் ஒரு ஜோடி. மணப்பெண்ணின் பாவாடையில் பொடிப்பொடியாகப் பூ. கண் வலிக்க வலிக்கத் தைத்திருக்கிறாள் யாரோ.

மகன் பெயர் இருக்கிறது. அப்பன் பெயர் இருக்கிறது. தாயின் பெயர் இல்லை. நம் சீர்ப் பாத்திரத்தில் கொடுத்தவர் பெயரை மட்டும் வெட்டியிருப்பதுபோல. பெசலெயேலுக்குப் பாட்டன்வரை பெயர் சொன்ன அதே யாத்திராகமம், நான்கு அதிகாரம் கழித்து, ஞானமுள்ள பெண்கள் தங்கள் கைகளால் இளநீல நூலும் சிவப்பு நூலும் நூற்றுக் கொண்டுவந்தார்கள் என்கிறது. அவர்களில் ஒருத்தியின் பெயர்கூட இல்லை. இந்த ஒரு விஷயத்தில் எனக்கு அந்தப் புத்தகத்தோடு ஓயாத சண்டை.

பெண்கள் எல்லாரும் பெயர் வேண்டாம் என்று இருந்துவிடவில்லை. இத்தாலியில் ஹொனொராட்டா ஃபோவா 1582-83இல் தன் பெயரிட்டுத் தைத்த தோராப் பட்டை இருக்கிறது. வெனிஸில் மெனகெம் லேவி மெஷுல்லாமியின் மனைவி சிம்ஹா 1680-81இல் பட்டும் சரிகையுமாகச் சீனாய் மலையைத் தைத்து, தோராச் சுருள்களை வைக்கும் பேழைக்குத் திரையாகக் கொடுத்தாள். அது இப்போது நியூயார்க் யூத அருங்காட்சியகத்தில். கணவன் பெயரைச் சேர்த்துத்தான் எழுதியிருக்கிறாள், ஆனாலும் அவள் கை, அவள் பெயர். ஊர் முழுக்க எழுந்து நின்று பேழையை நோக்கும்போது கண்ணில் படுவது சிம்ஹா செய்தது. அதை அறிந்தே செய்திருக்கிறாள்.

நான் பார்த்த விம்ப்பெலுக்கு வருகிறேன். கீழே ஒட்டியிருந்த சீட்டில் ஊர் பெயர் எழுதி, "செய்தவர் தெரியவில்லை" என்று போட்டிருந்தார்கள். ஊருக்குத் திரும்பியபின் அவர்களுக்கு எழுதினேன். துணியிலேயே குழந்தையின் பெயர், அப்பனின் பெயர், பிறந்த நாள் மூன்றும் இருக்கின்றன. ஊரும் தெரியும். பத்தொன்பதாம் நூற்றாண்டு ஜெர்மனியின் பிறப்புப் பதிவேட்டைத் தேடி எடுத்து அந்த நாளைப் பார்த்தால், தாயின் பெயர் அங்கே எழுதியிருக்கும் என்றேன். தாய்தான் தைத்தாள் என்பதற்கு அது சான்றாகாது, பாட்டியாக இருக்கலாம், அத்தையாக இருக்கலாம், கூலிக்குத் தைத்தவராகவும் இருக்கலாம், பிற்காலத்தில் ஆண்கள் தூரிகையால் எழுதிய விம்ப்பெல்களும் உண்டு என்று பதில் வந்தது. எல்லாம் உண்மை. ஆனால் அந்தப் பட்டியலில் யாருடைய பெயரையும் அவர்கள் தேடிப் பார்க்கவில்லை. குறைந்தபட்சம் பிள்ளை பெற்று எட்டு நாளில் அந்தத் துணியைக் கையில் எடுத்தவளின் பெயரையாவது சீட்டில் சேருங்கள் என்று மறுபடி எழுதியிருக்கிறேன்.

அன்புடன்.